தோட்டாவைத் தொடக்கூடாத அத்தான்

சுவிஸிலிருந்து அக்காவின் மகன் லீவுக்கு வந்திருந்தான். அவன் அங்கே துவக்குச் சுடும் கழகம் ஒன்றில் இருக்கிறான், போட்டிகளுக்கெல்லாம் போகிறான் என்ற செய்தி எப்படியோ மட்டக்களப்பு வாவியைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரைக்கும் போயிருக்கிறது. வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிற தூரத்து உறவுக்காரப் போடியார் ஒருவர் கல்லடியில் எங்கள் வீட்டுக்குத் தயிர்ச் சட்டியோடு வந்து சேர்ந்தார். தேத்தண்ணி குடித்து, ஊர்ப் புதினமெல்லாம் முடிந்த பிறகு மெல்லக் கேட்டார்: "மகன், அடுத்த முறை வரக்குள்ள எனக்கு ஒரு பத்துப் பதினைஞ்சு தோட்டா கொண்டு வர ஏலாதா? இஞ்ச விலையும் கூட, தேடிப் பிடிக்கிறதும் கஷ்டம்."

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கதிர் முற்றுகிற நேரம் யானை இறங்கினால் ஒரே இரவில் வயல் வட்டை துவம்சமாகிவிடும். வனசீவராசிகள் ஆட்கள் கொடுக்கிற யானை வெடிக்கு யானைகள் பழகிவிட்டன என்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற முறைப்பாடு. அவரிடம் லைசன் உள்ள, 12 போர் என்கிற அகலக் குழல் துவக்கு ஒன்று இருக்கிறது. யானையைச் சுடுவதற்கில்லை, வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தால் கொஞ்சம் விலகும் என்பது அவர் கணக்கு. மருமகன் சிரித்துக்கொண்டே சின்ன விரலைக் காட்டினான். "மூத்தப்பா, நான் சுடுறது இதை விடச் சின்னன். உங்கட குழலுக்குள்ள போட்டா மற்றப் பக்கத்தால விழுந்திடும்."

நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவன். கோட்டைக்குள் கச்சேரி இருந்த காலத்தில் துவக்கு லைசன் மேசையும் கொஞ்சக் காலம் என்னிடம் இருந்தது. அந்தப் பழக்கத்தில் மிச்சத்தை நான் எடுத்துச் சொன்னேன். இங்கே இன்னும் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான். லைசனை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இல்லாமல் வெளியிலிருந்து ஒரு தோட்டாவும் உள்ளே வரக்கூடாது. விமானக் கம்பனிகளுக்கும் தனி விதி: முன்கூட்டிச் சொல்லி, அவர்கள் சம்மதித்தால், பெட்டியில் போடுகிற சாமானோடு ஆளுக்கு 5 கிலோ தோட்டா. அதுவும் இரண்டு பேருடையதை ஒன்றாகக் கட்டக்கூடாது. போடியார் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். அப்போது மருமகன் சாதாரணமாக ஒன்று சொன்னான்: "அது பரவாயில்ல மாமா. எங்கட வீட்டிலயே அப்பாவுக்கு அந்தப் பெட்டியத் தொட ஏலாது. சட்டம்."

போடியார் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அது இறங்கவில்லை. அன்று இரவு முன் விறாந்தையில் அவனை இருத்தி வைத்து விபரம் கேட்டேன்.

ஒரு பொத்தான் அகலத்துக்காக

அவன் சுடுவது 50 மீற்றர் சிறுதுளைத் துவக்கு. இலக்குப் பலகையில் பத்துப் புள்ளிக்கான வட்டம் 10.4 மில்லிமீற்றர், ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். அதை 50 மீற்றருக்கு அப்பால் நின்று திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். குண்டு இரண்டரைக் கிராமுக்குக் கொஞ்சம் கூட. இந்த விளையாட்டில் ஆளின் திறமை பாதி, தோட்டா பாதி என்றான். கம்பனி ஒன்றுதான், பெட்டியின் நிறமும் ஒன்றுதான், ஆனாலும் தொழிற்சாலையில் ஒவ்வொரு தொகுதியாக, லொட் என்பார்கள், வருகிற தோட்டாவுக்கு ஒவ்வொரு குணம். இந்தத் தொகுதி அவன் குழலுக்கு ஒத்துப்போகும். பக்கத்தில் சுடுகிறவனின் குழலுக்கு ஒத்துப்போகாது. அதனால் கொஞ்சம் மினக்கெட்டுச் சுடுகிறவர்கள் துவக்கைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்கே போகிறார்கள். லாபுவா என்ற பின்லாந்துக் கம்பனியின் சின்னத் தோட்டா, ஜேர்மனியில் மக்டெபுர்க்குக்குப் பக்கத்தில் எல்பே ஆற்றங்கரையில் உள்ள ஷோனெபெக் என்ற ஊரில் செய்யப்படுகிறது. அங்கே பரீட்சித்துப் பார்க்க உள்ளரங்கு ஒன்று இருக்கிறது. துவக்கைப் பிடிமானத்தில் இறுக்கி, ஒவ்வொரு லொட்டிலும் கொஞ்சம் சுட்டு, எந்த லொட் ஒரே ஓட்டைக்குள் போகிறதோ அதன் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வருஷத்துக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கிவிடுவார்கள். அந்த லொட் முடிந்தால் முடிந்ததுதான்.

எல்லை தாண்டித் தோட்டா வாங்குகிற தேவை இப்படித்தான் வருகிறது. மலிவு என்பதற்காக ஓடுகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். மலிவுக்காக ரைன் ஆற்றைத் தாண்டிப் போகிற சுவிஸ்காரர்கள் இறைச்சியும் பவுடரும் வாங்குகிறவர்கள்.

சரி, வாங்கியதை எப்படிக் கொண்டு வருவது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 1991 இலேயே ஆயுதங்களுக்கு ஒரு பொது நெறிமுறை கொண்டு வந்தார்கள். பலமுறை திருத்தி, இப்போது 2021/555 என்ற இலக்கத்தில் இருக்கிறது. அதில் தோட்டா பற்றிய விதி சுருக்கமானது: எந்தத் துவக்கை வைத்திருக்க உனக்கு உரிமை இருக்கிறதோ, அதற்கான தோட்டாவுக்கும் அதே நிபந்தனைகள். விளையாட்டுக்காரரும் வேட்டைக்காரரும் நாடு விட்டு நாடு துவக்குக் கொண்டு போக ஐரோப்பிய சுடுகலன் பாஸ் என்று ஒரு புத்தகம் தருகிறார்கள். துவக்கின் இலக்கம் அதில் பதியப்பட்டிருக்கும். எதற்குப் போகிறாய் என்பதற்கு அழைப்புக் கடிதமும் கையில் வேண்டும். சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கன் என்கிற பொது எல்லை உடன்படிக்கையில் இருக்கிறது. அதனால் இந்த நெறிமுறையின் 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தை ஏற்பதா விடுவதா என்று 2019 மே 19 இல் மக்களிடமே கேட்டார்கள். ஏறத்தாழ 64 வீதமானவர்கள் ஆம் என்றார்கள். மருமகனுக்கு அப்போதுதான் வாக்குரிமை வந்திருந்தது. கழகத்து ஆட்களோடு சேர்ந்து இல்லை என்று போட்டானாம். அத்தானுக்கு வாக்கு இல்லை. இதை அப்போது நான் கவனிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாஸ் இருப்பதால் எல்லாம் முடிந்துவிடாது. துவக்கைக் கொண்டு போய்த் திருப்பிக் கொண்டு வரத்தான் அது உதவும். புதிதாக வாங்கிய தோட்டா வீட்டுக்கு வருவது இறக்குமதி. சொந்தப் பாவிப்புக்குத்தான் என்றாலும் சுவிஸ் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி மத்திய பொலிஸ் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். ஜேர்மன் பக்கத்தில் வெளியே அனுப்புவதற்கு வேறு அனுமதி. பிறகு எல்லையில் காரை நிறுத்தி, இந்தா இருக்கிறது என்று சுங்கத்துக்குச் சொல்ல வேண்டும். ஒளித்துக் கொண்டு வந்தால் அது வேறு கதை. இதெல்லாம் எனக்கு நல்ல முறையாகத்தான் பட்டது. லைசன் மேசையில் இருந்தவனுக்குக் கடுதாசி கடுதாசியாகப் போய் ஒரு ஆளிலே வந்து நிற்கிற முறை பிடிக்காமல் போகுமா?

பாசலில் ஒரு கேள்வி

அந்தப் பயணத்தை அவர்கள் கோயிலோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். ஜேர்மனியில் ஹம் காமாட்சி அம்மன் தேர்த் திருவிழாவுக்கு அக்கா ஒவ்வொரு வருஷமும் போவாள். ஹம்மிலிருந்து ஷோனெபெக்குக்குக் காரில் சில மணித்தியாலம். அத்தான் ஓட்ட, அக்கா முன்னுக்கு, மருமகன் பின்னுக்கு. தேர் பார்த்து, அடுத்த நாள் தோட்டா பார்த்து, காரின் டிக்கியில் ஒரு பக்கம் கோயில் பிரசாதமும் சொந்தக்காரர் கொடுத்துவிட்ட மிளகாய்த்தூளும், மற்றப் பக்கம் பூட்டிய துவக்குப் பெட்டியும் பூட்டிய தோட்டாப் பெட்டியுமாகத் திரும்பியிருக்கிறார்கள்.

பாசல் எல்லையில் மருமகன் இறங்கிப் போய் எல்லாக் கடுதாசியையும் கொடுத்தான். அதிகாரி மரியாதையான ஆள். அனுமதியைப் பார்த்தார், பாஸைப் பார்த்தார், பெட்டியிலிருந்த லொட் இலக்கத்தையும் பற்றுச்சீட்டையும் ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரி. காரில் இருக்கிற மற்றவர்களின் அடையாளப் பத்திரங்களையும் தாருங்கள் என்றார். அத்தான் சாரதி ஆசனத்திலிருந்தே இலங்கைப் பாஸ்போர்ட்டையும், சி என்கிற நிரந்தர வதிவிட அனுமதி அட்டையையும் நீட்டினார்; முப்பது வருஷத்துக்கு மேலாக அங்கே இருக்கிற ஆள். அதிகாரி பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்துவிட்டு, மருமகனைப் பார்த்து, "தோட்டாப் பெட்டியின் சாவி யாரிடம்?" என்று கேட்டார். மருமகன் தன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். "அப்பாவிடம் வேறு சாவி இல்லையே?" இல்லை. "வீட்டிலும் அப்படியே இருக்கட்டும்." அவ்வளவுதான். நல்லபடியாகப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

ஒரு குற்றச்சாட்டும் இல்லை, குரலும் உயரவில்லை. ஆனால் அங்கிருந்து வீடு வரைக்கும் அத்தான் வாயே திறக்கவில்லையாம். வீட்டுக்கு வந்து, மிளகாய்த்தூளை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, மற்றதை நீயே இறக்கு என்று மகனுக்குச் சொன்னாராம்.

மருமகனுக்கு விதி முன்பே தெரியும். கழகத்தில் ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார். அத்தானுக்கு அன்றுதான் தெரிந்தது. சுவிஸ் ஆயுத விதிமுறையின் 12 ஆம் பிரிவில் எட்டு நாடுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது: சேர்பியா, பொஸ்னியா, கொசோவோ, வட மசிடோனியா, துருக்கி, இலங்கை, அல்ஜீரியா, அல்பேனியா. இந்த நாடுகளின் பிரஜைகள் அங்கே ஆயுதமோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது, மற்றவருக்குக் கைமாற்றவும் கூடாது. சுடுகலனால் சுடவும் கூடாது. கழகத்தின் திறந்த நாளில் ஊர்ச் சனமெல்லாம் வரிசையில் நின்று ஐந்து வெடி வைத்துப் பார்க்கும். அத்தான் பார்த்துக்கொண்டு நிற்கலாம். ஆயுதத்தை உரிமையில்லாத மூன்றாம் ஆளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்று சட்டத்தில் இன்னொரு பிரிவு. அந்த வீட்டு வாடகையைக் கட்டுகிற அத்தான்தான் அந்த வீட்டில் மூன்றாம் ஆள்.

மகனோ அங்கே பிறந்து வளர்ந்து சுவிஸ் பிரஜையானவன். அந்த நாட்டு ஆண் பிள்ளைகள் எல்லோரையும் போல இராணுவப் பயிற்சிக்கும் போனான். பயிற்சி முடிந்ததும் தானியங்கித் துவக்கு ஒன்றை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கான தோட்டாவை முன்பு சீல் வைத்து வீட்டில் வைத்திருக்கக் கொடுத்தார்களாம். 2007 இல் அதை நிறுத்தினார்கள். ஆக அந்த வீட்டு இரும்பு அலுமாரியில் அரசாங்கமே கொடுத்த துவக்கு ஒன்று, விளையாட்டுத் துவக்கு ஒன்று. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே இருக்கிற இரண்டு பேரில் ஒருவரை நம்பி அரசாங்கம் துவக்கைக் கொடுக்கிறது, மற்றவர் ஒரு தோட்டாவைத் தொடக்கூடாது என்கிறது.

சாமானுக்குச் சட்டம், ஆளுக்குச் சட்டம்

எனக்கு இதில் உடனே ஆத்திரப்பட முடியவில்லை. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1999 ஜனவரி 1 இல். அந்த வருஷங்களில் பால்கனில் என்ன நடந்தது, எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று சொல்லவா வேண்டும்? வெளிநாட்டுத் தமிழ்ச் சனத்தின் காசு எதற்கெல்லாம் போனது என்பது நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். சண்டை நடக்கிற நாட்டு ஆட்களின் கையில் ஆயுதம் போகாமல் பார்க்க ஒரு அரசாங்கம் நினைத்ததில் வஞ்சகம் இல்லை. இப்போது இருக்கிற விதிமுறை 2008 ஆம் ஆண்டுடையது. அதற்கு அடுத்த வருஷம் இங்கே சண்டை முடிந்தது. பட்டியல் முடியவில்லை.

இது என்னை ஏன் இந்தளவு அரிக்கிறது என்று யோசித்தபோது எங்கள் வாவிதான் நினைவுக்கு வந்தது. சண்டைக் காலத்தில், 2007 வரைக்கும், கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு, வலையிறவுப் பாலத்தால் போனாலும் பட்டிருப்புப் பாலத்தால் போனாலும், சாமான் ஒவ்வொன்றுக்கும் கணக்கிருந்தது. பற்றரி, சீமெந்து, எரிபொருள், யூரியா. யூரியாவில் வெடிமருந்து செய்யலாம் என்பது இராணுவத்தின் பயம். யூரியா இல்லாமல் வேளாண்மை செய்ய ஏலாது என்பது போடிமாரின் பாடு. எத்தனை அந்தர் பசளை, எந்த வட்டைக்கு என்று கடிதம் எழுதியே என் கை தேய்ந்தது. ஆனாலும் அந்தப் பட்டியலைச் சனம் ஒரு மாதிரி சகித்துக்கொண்டது. பற்றரி உனக்கும் இல்லை எனக்கும் இல்லை. சகிக்க முடியாமல் போனது மற்றது. அதே சாவடியில், அதே வரிசையில், அடையாள அட்டையில் வெல்லாவெளி விலாசம் இருந்தால் ஒரு பக்கமாக நிற்கச் சொல்வார்கள். கையில் ஒன்றும் இருக்கத் தேவையில்லை.

சாமானைப் பார்த்து எழுதிய சட்டத்தோடு வாதாடலாம். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து தோட்டா வாங்கப் போகும் ஒவ்வொரு தடவையும் ஆளின் பின்னணியைச் சோதிக்கிறார்கள். வேறு மாநிலத்தில் வாங்கியதை அந்த மாநிலத்து ஆள் தானே கொண்டு வரவும் கூடாது, லைசன் உள்ள கடை மூலம் வர வேண்டும். 1996 முதல் 2016 வரை ஆறு ஒலிம்பிக்கில் அடுத்தடுத்துப் பதக்கம் எடுத்த கிம் ரோட் என்ற துவக்குச் சுடும் வீராங்கனை 2018 இலேயே அதற்கு எதிராக வழக்குப் போட்டு, அது நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கியது. அந்தப் பெண்மணியின் பக்கம் எனக்குப் பெரிதாகச் சாய்வில்லை; தோட்டா விற்பதைச் சோதித்து விற்கட்டும். ஆனால் பதக்கம் எடுத்தவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேள்வி ஒன்றுதான்: நீ செய்தது என்ன? அத்தானிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு அவரிடம் நல்ல பதில் இருக்கிறது. முப்பது வருஷம், ஒரு வேக வரம்பு மீறிய தண்டம் தவிர வேறு ஒன்றும் இல்லை.

இதற்கு விலக்கும் வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. சட்டத்தின் 7 ஆம் பிரிவின்படி, வேட்டைக்கோ விளையாட்டு நிகழ்வுக்கோ என்றால் அந்தந்தக் கன்டோன், அதாவது மாநிலம், அனுமதி கொடுக்கலாம். மருமகன் அந்தப் படிவத்தை எடுத்து வைத்திருக்கிறான். ஒரு நாள் அப்பாவைக் கூட்டிப் போய் ஐந்து வெடியாவது வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் போன பிறகு நான் அத்தானுக்கு ஃபோன் எடுத்தேன். படிவத்தை நிரப்பிக் கொடுங்களேன், இப்படி நாலு பேர் கேட்டால்தானே பட்டியலை ஒருவன் திறந்து பார்ப்பான் என்றேன். கச்சேரிப் புத்தி.

"எனக்கென்னத்துக்கு அது?" என்றார். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே நான் இஞ்ச வந்தன். இவன் சுடப் போறன் எண்டு சொன்ன அண்டைக்கு எனக்கு நித்திரை இல்ல. நான் தொடவே மாட்டன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ஆனா நான் தொடமாட்டன் எண்டுறது வேற. நீ தொடக்கூடாது எண்டு அவன் சொல்றது வேற. ரெண்டும் ஒண்டா?"

சுவிஸ் பிரஜை ஆகிவிட்டால் இந்தப் பட்டியலே அவருக்கு இல்லை. அன்று காலை வரை தொடக்கூடாத அதே கை, பத்திரம் வந்ததும் தொடலாம். அதைச் சொன்னேன். உன்னிச்சைப் பக்கம் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி ஒன்று அவர் பேரில் இருக்கிறது. இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டால் அது என்ன ஆகுமோ என்ற பயம் அவருக்கு. இரட்டைப் பிரஜாவுரிமைக்குப் போடலாம் என்று நான் சொன்னால், அதற்குக் கொழும்புக்கு ஆர் அலையிறது என்கிறார். காணியில் இப்போது யானைதான் நடமாடுகிறது, அது வேறு விஷயம்.

மறுகா, வேறு கதை கதைத்து முடித்து ஃபோனை வைக்கப் போகிற நேரம், மருமகன் இராணுவத்தின் மூன்று வாரப் பயிற்சிக்குப் போயிருப்பதாகச் சொன்னார். அப்படியென்றால் அலுமாரிச் சாவி யாரிடம் என்று கேட்டேன்.

"உன்ட அக்காட்ட."

"அக்காவும் இலங்கைப் பாஸ்போர்ட்தானே?"

அத்தான் சிரித்தார். ஃபோன் கை மாறியது. போன வருஷமே சுவிஸ் பத்திரம் எடுத்துவிட்டாளாம், எனக்குச் சொல்ல மறந்துவிட்டாளாம். ஏன் திடீரென்று என்று கேட்டேன்.

"வீட்டில ஒரு ஆளாவது சாவி வச்சிருக்க வேணாமா?" என்றாள் அக்கா.